கணக்கேடும் கதையும்

எழுதப்பட்டவை எல்லாம் இலக்கியம் ஆவதில்லை. வங்கிப் பணியில் இருக்கும் நாம் பேரேடு, கடன் பத்திரம், அடமான ஆவணம், சுற்றறிக்கை என நாள்தோறும் எழுத்தோடுதான் வாழ்கிறோம். இவற்றில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே இருத்தல் வேண்டும். இரு பொருள் தோன்றினால் அது வழக்காக முடியும். இலக்கியத்தின் இயல்பு வேறு. அதை விளக்கத் திருவனந்தபுரத்திலேயே ஒரு நல்ல சான்று உண்டு.

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய வணிக வீதி. தமிழ் வணிகர் பலர் வாழ்ந்த இவ்வீதியில் எழுத்தாளர் ஆ. மாதவன் (1934–2021) நெடுங்காலம் கடை நடத்தினார். பள்ளியில் மலையாளம் பயின்ற அவர் எழுதியது தமிழில். ‘கடைத்தெருக் கதைகள்’ என்னும் அவரது தொகுப்பின் பெயரே அவருடைய களத்தைக் கூறிவிடும். 2015ஆம் ஆண்டு ‘இலக்கியச் சுவடுகள்’ என்னும் கட்டுரை நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

ஒரு கடையின் கணக்கேட்டில் ‘சுமை கூலி’ என ஒரு தொகை இருக்கும். மூட்டையைச் சுமந்தவன் யார், அன்று அவன் உண்டானா என்பது அங்கே இராது. இருக்க வேண்டியதும் இல்லை. கூட்டல் சரியானால் ஏட்டின் கடமை முடிந்தது. உரிய காலம் கடந்தபின் அதை அழித்துவிடவும் விதியுண்டு.

அந்த ஏடு விட்டுவிட்ட மனிதனிடமிருந்துதான் மாதவனின் கதை தொடங்குகிறது. ‘பாச்சி’ என்னும் கதை, கடைத்தெருவில் பிழைக்கும் ஒருவனையும் அவன் வளர்த்த நாயையும் பற்றியது. ‘நாய் இறந்தது, வளர்த்தவன் வருந்தினான்’ என்று அதைச் சுருக்கிவிடலாம். செய்தி குறையாது, ஆனால் கதை காணாமற்போகும். ஆண்டறிக்கையை ஒரு பக்கத்தில் சுருக்கினாலும் அதன் பயன் நிற்கிறது. இலக்கியத்திலோ, சொல்லப்படும் பொருளைச் சொல்லும் முறையிலிருந்து பிரிக்க இயலாது. வாசிப்பவர் தம் இழப்பையும் அதனுடன் சேர்த்து வாசிப்பதால், அக்கதை ஒவ்வொருவரிடமும் சற்றே வேறு பொருள் கொள்கிறது.

அணிகள் நிறைந்த நடைதான் இலக்கியம் என்று எண்ண வேண்டியதில்லை. மாதவன் எடுத்தாண்டது மலையாளம் கலந்த கடைத்தெருப் பேச்சே. கற்பனை மட்டும் இலக்கியம் ஆகிவிடாது. உண்மை கணக்கேட்டுக்கு மட்டுமே உரியதும் அன்று.

கொடுக்கல் வாங்கலில் நேர்மை நிலைக்கக் கணக்கேடு வேண்டும். அக்கொடுக்கல் வாங்கலுக்குப் பின்னே நின்ற மனிதர்கள் மறக்கப்படாதிருக்கக் கதை வேண்டும். ஓணக் காலத்தில் சாலைக் கடைத்தெருவுக்குச் செல்லும் வாடிக்கையாளர்கள், அதற்கு முன் மாதவனின் கதை ஒன்றையேனும் வாசித்துச் செல்லலாம். மூட்டை சுமந்து எதிரே வருபவரின் முகத்தையும் அன்று நாம் காண்போம்.