ஒரு குதிரைத்திறன் 600 ரிங்கிட்

மாசாயில் எங்கள் தாமானில் இருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் வீட்டு வாசலில் வந்து நின்றான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு பாசிர் கூடாங்கில் வேலை செய்கிறான். பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஒன்றை வாங்கியிருக்கிறான்.

"அண்ணே, கையில எட்டாயிரம் வெள்ளி இருக்கு. எக்ஸோஸ்ட், எக்ஸ்ட்ராக்டர், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மாத்தப் போறேன். நீங்களும் அப்ப செஞ்சீங்கதானே? எந்தப் பட்டறைக்குப் போகலாம்?"

நான் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தேன். 2011-ஆம் ஆண்டின் ரசீதுகள் அதில் இருக்கின்றன. என் மனைவி அதைப் பலமுறை குப்பையில் போடப் பார்த்தும் நான் விடவில்லை.

அப்போது எனக்கு 23 வயது. என்னிடம் இருந்ததும் அதே ஜிடிஐ கார்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1.8 லிட்டர் மிட்சுபிஷி இயந்திரம், 138 குதிரைத்திறன். புரோட்டோன் 1996-இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அந்த லோட்டஸ் பொறியாளர்கள்தான் இந்தக் காரின் ஓட்டத்தைச் செதுக்கினார்கள். உள்ளூர்ப் பையன்களுக்கு எட்டிய விலையில் கிடைத்த உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் அது. எனக்கு அது போதவில்லை.

ரசீதுகளை வரிசையாக வைத்தேன். திறந்த காற்று வடிகட்டி 350 ரிங்கிட். எக்ஸ்ட்ராக்டர் 950. முழு எக்ஸோஸ்ட் 1,500. இயந்திரக் கணினியோடு இணைக்கும் கருவியும் அதைச் சரிசெய்த கூலியும் 2,600. ஆக மொத்தம் 5,400 ரிங்கிட். கடைசியாக ஒரு தாள்: டைனோ என்ற உருளைமேல் காரை ஏற்றி அளந்த கணக்கு. மாற்றங்களுக்கு முன் சக்கரத்தில் 108 குதிரைத்திறன், பின் 117. இயந்திரத்தில் பிறக்கும் சக்தியில் ஒரு பகுதி கியர்பெட்டியிலும் அச்சிலும் கரைந்துவிடும் என்பதால் சக்கரத்தில் வரும் எண் எப்போதும் குறைவுதான். ஆனால் கூடியது 9. தம்பி கைப்பேசியில் வகுத்துப் பார்த்தான். ஒரு குதிரைத்திறனுக்கு 600 ரிங்கிட்.

"அவ்வளவுதானாண்ணே?"

அவ்வளவுதான். அதுவும் இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளைத் தாண்டிய பிறகு. ஜொகூர் பாருவில் காலை நெரிசலில் யார் அந்தச் சுற்றுக்குப் போவார்கள்? இன்னும் ஒன்று. திறந்த வடிகட்டி இயந்திர அறையின் சூடான காற்றைத்தான் இழுக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் ஆக்சிஜனும் குறைவு. நெரிசலில் நின்று கிளம்பும்போது கார் முன்பைவிட மந்தமாக இருந்தது. சத்தம் மட்டும் பறந்தது. அம்மா ஒருநாள், "ஏன்டா, காருக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

டர்போ பூட்டிய கார்களின் கதை வேறு. அங்கே இயந்திரத்துக்குள் எவ்வளவு காற்றை அழுத்துவது என்பதைக் கணினி கட்டுப்படுத்துகிறது. அந்த எண்ணை உயர்த்தினாலே சக்தி கண்கூடாகக் கூடும். கூடவே கிளட்ச், கியர்பெட்டி எல்லாவற்றின் ஆயுளும் குறையும் என்பது தனிக்கதை. ஜிடிஐ போன்ற டர்போ இல்லாத காரில், 1.8 லிட்டரிலிருந்து கறக்க வேண்டியதைத் தொழிற்சாலையே பெரும்பாலும் கறந்துவிட்டது.

இதை நான் நம்பியது டைனோவைப் பார்த்தல்ல. பாசிர் கூடாங் பந்தயப் பாதையில்தான். 1986-இல் திறந்த 3.86 கிலோமீட்டர் பாதை அது. 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ பந்தயம்கூட அங்கே நடந்தது. கட்டணம் கட்டினால் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற நாள்களில் நானும் போனேன். மாற்றங்களுக்கு முன் என் சிறந்த நேரம் 2 நிமிடம் 14 விநாடி. 5,400 ரிங்கிட் செலவழித்த பிறகு 2 நிமிடம் 13 விநாடி.

அன்று நான்காவது சுற்றில் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போனது. வளைவில் பாதையை விட்டுப் புல்லில் இறங்கித்தான் நின்றேன். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சக்கூடியது. புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி வரும். குமிழியை மிதித்தால் பிரேக் பிடிக்காது. நான் எண்ணெய் மாற்றி எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று எனக்கே தெரியவில்லை. இயந்திரத்துக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டியவன், நூறு சொச்ச ரிங்கிட் எண்ணெயை மறந்திருந்தேன்.

அடுத்த முறை நல்ல டயர் நான்கு, பிரேக் பட்டைகள், புதிய எண்ணெய். எல்லாம் சேர்த்து 1,600 ரிங்கிட். நேரம் 2 நிமிடம் 9 விநாடி. அதே நாளில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், எதையும் மாற்றாத ஜிடிஐ ஒன்றில் என்னை உள்வளைவில் முந்திக்கொண்டு போனார். பிறகு தண்ணீர் குடிக்கும்போது அவரே வந்து, நான் பிரேக்கைச் சீக்கிரம் மிதிக்கிறேன், திருப்பத்தைத் தாமதமாகப் பார்க்கிறேன் என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

நம் நாட்டுக் கரம்ஜித் சிங் 2002-இல் உலக ரேலியின் உற்பத்திக் கார் பிரிவில் பட்டம் வென்றவர். அந்தப் பிரிவில் விற்பனைக்கு வந்த காரைப் பெரிதாக மாற்ற விதி இடம் கொடுக்காது. டர்போவுக்குள் காற்று நுழையும் வழியையே ஒரு வளையம் போட்டுக் குறுக்கிவிடுவார்கள். இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் முதல்முறையாக ரசீதுகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

சட்டத்தையும் சொன்னேன். அளவுக்கு மீறிய சத்தத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகா அபராதம் போடும். இயந்திரத்தையே மாற்றினால் இலாகாவின் அனுமதியும் வாகனச் சோதனையும் வேண்டும். மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். இதெல்லாம் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. தலையை மட்டும் ஆட்டினான்.

சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று. அந்த 5,400-இல் 5,000 அம்மா கூட்டு போட்டு எடுத்த பணம். பகுதிநேர டிப்ளோமாவுக்குப் பதிய என்று கொடுத்தார். அடுத்த பருவத்தில் சேரலாம் என்று தள்ளினேன். சேர்ந்தது மூன்று வருடம் கழித்து. என்னோடு வேலைக்குச் சேர்ந்த நண்பன் அதற்குள் டிப்ளோமா முடித்து மேற்பார்வையாளராகிவிட்டான்; என் விடுப்புப் பாரத்தில் அவன்தான் கையெழுத்துப் போட்டான். அம்மா அந்தப் பணத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனும் டிகிரிக்கு விண்ணப்பித்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் காரை எனக்குத் தெரிந்த பட்டறையில் தூக்கிப் பார்த்தோம். முன்பக்க ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன. டயர்கள் ஏழு வருடப் பழசு. பிரேக் எண்ணெய் தேநீர் நிறத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,300 ரிங்கிட் என்று எழுதினான். அதற்குக் கீழே படிப்புக் கட்டணம். அதற்கும் கீழே 'எக்ஸோஸ்ட்' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டான்.

"சத்தம் கொஞ்சம் வேணும்ல, அண்ணே?"

ஆசைதானே, அடிக்கச் சொல்லவில்லை.