காவல் நிறுவனங்களும் காப்பீட்டுப் பாதுகாப்பும்

சரக்குக் கிடங்கின் வாயிலில் இரவு முழுவதும் நிற்கும் காவலர் மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊதியம் பெறுபவர். அவர் காக்கும் சரக்கோ பல கோடி ரூபாய் பெறும். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது அவரை அனுப்பிய காவல் நிறுவனம். இத்தகைய நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டுமென்றும், காவலர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டுமென்றும் 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் விதித்தது. எனினும், இழப்பு நேர்ந்தால் அதனைத் தாங்கும் வலிமை ஒரு நிறுவனத்துக்கு உண்டா என்பது பெரும்பாலும் அது எடுத்துள்ள காப்பீட்டைப் பொறுத்ததாகும்.

காவலரின் உயிருக்கும் உடலுக்கும் உள்ள ஏற்பாடு ஓரளவு தெளிவானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்கள் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வருகின்றனர். இத்திட்டத்துக்கு வெளியே உள்ள மேற்பார்வையாளர் போன்றோருக்குப் பணியின்போது விபத்து நேர்ந்தால், இழப்பீடு தரும் கடமை நேராக நிறுவனத்தையே சாரும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்த இக்கடமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கியுள்ளது. 2020 சனவரியில் அறிவிக்கப்பட்ட 15,000 ரூபாய் ஊதிய வரம்பின்படி கணக்கிட்டால், 40 வயதுடையவர் பணியில் இறக்கும்போது அதில் பாதியை 184.17 ஆல் பெருக்கி 13,81,275 ரூபாய் வழங்க வேண்டியதாகும். சிறு நிறுவனமொன்றை நிலைகுலையச் செய்ய இத்தகைய ஒரு விபத்தே போதும். இதற்கென உள்ள பாலிசியின் பிரீமியத்தை மிச்சப்படுத்த முயல்வது அறிவுடைமையன்று.

அடுத்தது வெளியாருக்கு நேரும் தீங்கு. வங்கிக் காவலரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து வாடிக்கையாளர் ஒருவர் காயமுற்றால், பணியாளர் பணியின்போது செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பாவார் என்ற நெறிப்படி, நிறுவனம் நஷ்ட ஈடு தர நேரிடும். பொதுப் பொறுப்புக் காப்பீடு இதற்கானது.

சிக்கல் தொடங்குவது காவலில் வைக்கப்பட்ட பொருளில்தான். கிடங்கு கொள்ளைபோனால் உரிமையாளர் தமது திருட்டுக் காப்பீட்டிலிருந்து தொகையைப் பெறக்கூடும். ஆனால், விவகாரம் அதோடு முடிவதில்லை. பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் உரிமையாளரின் இடத்தில் நின்று, காவலில் கவனக்குறைவு இருந்ததெனக் காவல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம். அப்போது பொதுப் பொறுப்புப் பாலிசியைப் புரட்டிப் பார்ப்போருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. காப்பீடு செய்தவரின் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் உள்ள பொருளுக்கு நேரும் இழப்பு அதில் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். பொருளைப் பொறுப்பில் வைத்துக் காப்பதே தொழிலாகக் கொண்டவர்க்கு அப்பொருளே விலக்கப்படுவது விந்தைதான்! இவ்விலக்கை நீக்கும் கூடுதல் பாதுகாப்பைத் தனியே கேட்டு, அதற்குரிய பிரீமியம் செலுத்திப் பெற வேண்டும்.

ஒப்பந்தத்திலும் ஒரு கண்ணி உண்டு. "எந்த இழப்பு நேரினும் முழுத் தொகையையும் ஈடு செய்வோம்" என்று வேலை கிடைக்கும் ஆவலில் கையொப்பமிடுவோர் பலர். சட்டப்படி வாராத பொறுப்பை ஒருவர் தாமாக ஏற்றுக்கொண்டால், பொதுவாகப் பாலிசி அதனைத் தாங்காது. பொறுப்புக்கு ஒரு தொகை வரம்பை ஒப்பந்தத்திலேயே குறித்து, அவ்வரம்புக்குக் காப்பீடு எடுப்பதே முறை.

காவலரே திருட்டுக்கு உடந்தையாயிருந்தால் நாணய உத்தரவாதப் பாலிசி உதவும். ஆனால் அது முதலாளியின் இழப்பை ஈடு செய்யவே ஏற்பட்டது. வாடிக்கையாளரின் பொருளும் அதில் அடங்குமாறு விரிவாக்கம் பெறாவிடில் பயன் குறைவு. இழப்பைக் குறித்த காலத்துக்குள் கண்டுபிடித்துத் தெரிவிப்பதும் இன்றியமையாதது.

காப்பீடு இல்லாத இடத்தில் இழப்பு எங்கே போய்ச் சேருகிறது? வாடிக்கையாளர் மாதக் கட்டணத்தில் பிடித்தம் செய்கிறார். நிறுவனம் அதனைக் காவலரின் ஊதியத்தில் கழித்துவிடப் பார்க்கிறது. ஊதியத் தொகுப்புச் சட்டம் இதற்கு எல்லை வகுத்துள்ளது. பொருள் அவரிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இழப்பு நேரடியாக அவரது கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும். விளக்கம் கூற அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டலாகாது. பத்து வாயில்களுள்ள வளாகத்தில் ஒரு வாயிலில் நின்றவரிடம் கிடங்கு முழுவதும் ஒப்படைக்கப்பட்டதாகக் கொள்வது கடினம்.

ஆகவே எந்த வாயிலில் யார், எந்நேரம் முதல் எந்நேரம் வரை நின்றார், பூட்டுகளை யாரிடமிருந்து சரிபார்த்துப் பெற்றார் என்பவை பணிப் பதிவேட்டில் அன்றன்றே எழுதப்பட வேண்டும். இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பவற்றுள் அப்பதிவேடும் ஒன்று.