மினுக்கும் மணியும் மிதமான நெருப்பும்

தில்லியிலும் ஆக்ராவிலும் நகைக்கடை வீதிகளில் பழுப்பு நிறத்தில், உள்ளே பொன் தூளைத் தூவியது போல மினுமினுக்கும் மணிமாலைகளை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். நீலத்திலும் அது உண்டு, இரவு வானத்து நட்சத்திரங்களைப் போல. "சங் சிதாரா" என்பார் கடைக்காரர், அதாவது நட்சத்திரக் கல். சிலர் ராசிக்கல் என்றே சொல்லி விலையை ஏற்றிவிடுவதும் உண்டு. உண்மையில் அது கல்லும் அல்ல, அதில் தங்கமும் இல்லை. அது கண்ணாடி, மினுக்குவது செம்பு.

தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு மணிமாலையில் என்ன அக்கறை என்று கேட்கலாம். தூண்ட்லா ஜங்ஷனில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். ஹௌரா பாதையில் அதற்குச் சற்றுக் கிழக்கே ஃபிரோசாபாத், வளையலுக்கும் கண்ணாடிக்கும் பேர் போன ஊர். வடக்கே ஹாத்ரஸ் மாவட்டத்தில் சிக்கந்தரா ராவ் அருகில் புர்தில்நகர் என்ற சிற்றூர். அங்கே வீட்டுக்கு வீடு கண்ணாடி மணி செய்வார்கள். விடுமுறை நாட்களில் போய் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று.

இந்த மினுக்குக் கண்ணாடியின் பிறப்பிடம் இத்தாலியில் வெனிஸை அடுத்த முரானோ தீவு. பதினேழாம் நூற்றாண்டிலேயே அங்கே இதைச் செய்தார்கள். 'அவென்சூரின்' என்று பெயர். தற்செயல் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பின்னாளில் இதைப் போலவே மின்னும் ஓர் இயற்கைக் கல்லுக்கும் இதே பெயரைச் சூட்டினார்கள். கல்லைப் பார்த்துக் கண்ணாடிக்குப் பெயர் வைக்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் கல்லுக்குப் பெயர் வைத்தார்கள்!

செய்முறையைக் கேளுங்கள். உருகிய கண்ணாடியில் செம்பு ஆக்சைடைக் கரைக்கிறார்கள். உலைக்குள் பிராணவாயு சேராமல் பார்த்துக்கொண்டால் அந்த ஆக்சைடு மீண்டும் உலோகச் செம்பாக மாறும். பிறகு உலையை மூடி, மிக மெதுவாகச் சூடு தணிய விடுகிறார்கள். அந்த நிதானத்தில்தான் செம்பு சின்னஞ்சிறு தகடுகளாகப் படிகமாகிறது. முக்கோணமும் அறுகோணமுமான இத்தகடுகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அவசரப்பட்டால் மினுக்கு இல்லை. ஆறிய பிறகு கட்டியை உடைத்தால் காற்றுப்பட்ட ஓரம் மங்கலாயிருக்கும், நடுப்பகுதிதான் தேறும்.

இப்படிப் பிறந்த கண்ணாடியை மணி செய்பவர் மறுபடி நெருப்பில் காட்ட வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான். களிமண் பூசிய இரும்புக் கம்பியை ஒரு கையில் சுழற்றிக்கொண்டே, மறுகையிலுள்ள கண்ணாடிக் குச்சியைச் சுடரில் உருக்கி, நூல் சுற்றுவது போலக் கம்பியின்மேல் சுற்றுவார்கள். ஆறியதும் களிமண் உதிர, மணி துளையோடு கழன்று வரும். முற்காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரைத் துருத்தியால் ஊதிச் செய்ததால் இதற்கு விளக்கு வேலை என்று பெயர். சாதாரண வண்ணக் கண்ணாடி இந்தச் சூட்டைத் தாங்கும். மினுக்குக் கண்ணாடியை அதிகம் காய்ச்சினாலோ, காற்று மிகுந்த சுடரில் பிடித்தாலோ செம்புத் தகடுகள் திரும்பக் கரைந்து, பொன்னிறம் போய்ச் சேற்று நிறம் வந்துவிடும். போன மினுக்கு சுடரில் திரும்பாது.

ஆகவே தேர்ந்த கைக்காரர் முதலில் அடிமணியை நன்றாகக் காய்ச்சிக்கொள்வார். மினுக்குக் கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்து வைத்திருப்பார். அதைச் சுடரின் நடுவில் காட்டாமல் ஓரத்தில் இளக்கி, மணியின்மேல் கொடி போல ஒரே வீச்சில் ஓட்டிவிடுவார். சிலர் அதன்மேல் நிறமற்ற கண்ணாடியைப் போர்த்திக் காப்பாற்றுவார்கள். அளவுமானி எதுவும் இல்லை. சுடரின் நிறமும் கண்ணாடியின் நெகிழ்வுமே கணக்கு. நான் பார்த்த ஒரு பெரியவர் ஓர் இழையை ஓட்ட எடுத்துக்கொண்டது சில விநாடிகள்தான். அந்த நிதானம் வர எத்தனை ஆண்டுகள் ஆயினவோ!

என் தொழிலுக்கு நெருங்கிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. வெயிலில் தண்டவாளம் நீளும். 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடியும் அப்படித்தான். முரானோ வகைக் கண்ணாடியின் விரிவெண் 104 என்றால், அதே கணக்கில் தண்டவாள எஃகுக்குச் சுமார் 115, ஆய்வுக்கூடக் குடுவைக் கண்ணாடிக்கு 33தான். அடிமணியும் மேலிழையும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் மணி விரிசல் விடும். இணைப்பு இடைவெளியின்றிப் பற்றவைத்த நீளத் தண்டவாளத்தில் இறுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிக் கிடப்பது போல, மணிக்குள்ளும் கிடக்கும். செய்த அன்று உடையாது. பல நாள் கழித்துப் பெட்டிக்குள் இருந்தபடியே இரண்டாகும். அதனால் சுமார் 500 டிகிரியில் சற்று நேரம் வைத்து, பின்பு மெல்ல ஆறவிட வேண்டும். மின் உலை இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் சூடான சாம்பலில் புதைக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்பவருக்குக் கிடைப்பது எண்ணிக்கைக் கூலி. எதிரே அச்சில் வார்த்த மணியும், மினுக்குத் தூள் பூசிய பிளாஸ்டிக் மணியும் குவிகின்றன. கண்ணாடியிலுள்ள சோடியம் சுடரில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் ஒளியை வீசும். அதைத் தடுக்க டிடிமியம் பதித்த மூக்குக் கண்ணாடி உண்டு. நான் பார்த்த பட்டறைகளில் வெறுங்கண்ணோடுதான் குனிந்திருந்தார்கள். மனத்தை உறுத்திய காட்சி அது.

பாசிமணி நமக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மணி செய்து கடல் கடந்து அனுப்பிய துறை அது. அங்கே கண்ணாடியைக் குழலாக இழுத்துத் துண்டு போட்டார்கள். முறை வேறு, நெருப்பின் பக்கத்தில் உட்கார்ந்த பொறுமை ஒன்றுதான்.

வாங்கும்போது ஒரு பூதக்கண்ணாடி கையிலிருக்கட்டும். மினுக்குத் துகள்கள் கண்ணாடியின் உள்ளே ஆழத்திலும் தெரிந்தால் அது செம்புக் கண்ணாடி. மேற்பரப்பில் மட்டும் ஒட்டியிருந்தால் பூச்சு. துளைக்குள் வெள்ளையாகக் களிமண் படிவு இருந்தால் அநேகமாகச் சுடரில் சுற்றிய மணி. ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டால் குறை என்று எண்ண வேண்டாம், அதுதான் கைவேலைக்கு அடையாளம். ராசிக்கல் என்று சொல்லிக் கேட்கும் விலையைக் கொடுக்காதீர்கள். ஆனால் சுடரின் ஓரத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்தவரிடம் நேரே வாங்கும் வாய்ப்புக் கிடைத்தால், பேரம் பேசாமல் வாங்குங்கள்.