வர்ணம் குறைந்தது எப்படி?

வன்னியில் நான் பணிபுரியும் கிராமமொன்றில் பத்துப் பெண்கள் சேர்ந்து சிறிய மரப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டி விற்கின்றனர். நெல் குத்தும் பெண், மாட்டு வண்டி, மயில் என எல்லாமே விரலளவு உருவங்கள். இவர்களில் பலர் யுத்தத்தில் துணையை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். வர்ணம் வாங்கியதும் குழுவின் சுழற்சிக் கடனில்தான்.

செலவு குறையுமென எண்ணிப் பெரிய போத்தல்களில் அக்கிரிலிக் வர்ணம் வாங்கி, சிறு பிளாஸ்ரிக் டப்பாக்களில் பிரித்து வைத்தவள் நான். மூன்று வாரங்களில் அளவு இறங்கிவிட்டது. "யாரோ வீட்டுக்குக் கொண்டு போகினம்" என்று பேச்சு எழுந்தது. தினமும் கடைசியாகக் கதவு பூட்டும் அக்கா மீது சந்தேகம் விழுந்தது. அவர் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அதன்பின் ஒவ்வொரு டப்பாவிலும் வர்ணத்தின் மட்டத்தைப் பேனாவால் கோடிட்டு வைத்தேன். சித்திரைப் புத்தாண்டுக்காக நிலையம் ஒரு வாரம் மூடப்பட்டிருந்தது. சாவி என்னிடமே இருந்தது. திறந்து பார்த்தபோது எல்லா டப்பாக்களிலும் வர்ணம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மேலே தடித்த ஆடை. திருடியது எவருமல்ல. தகரக் கூரையின் வெக்கையும் இறுகாத மூடியுமே!

அக்கிரிலிக் வர்ணத்தில் நிறத்தூள், பிளாஸ்ரிக் தன்மையுள்ள பசை, நீர் ஆகியன உள்ளன. நீர் ஆவியாகும்போது பசைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. காய்ந்தபின் தண்ணீர் விட்டாலும் கரையாது. பொம்மையில் இது நன்மை, டப்பாவிலோ நட்டம்.

நாங்கள் இப்போது கடைப்பிடிப்பவை:

• கூரையை அண்டிய தட்டில் வர்ணத்தை வைப்பதில்லை. வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வைக்கிறோம்.

• மூடுமுன் போத்தலின் வாயையும் மூடியையும் ஈரத்துணியால் துடைக்கிறோம். அங்கே வர்ணம் காய்ந்திருந்தால் மூடி இறுகாது.

• தூரிகையைப் போத்தலுக்குள் விடுவதில்லை. சுத்தமான குச்சியால் தேவையான துளியை மட்டும் எடுக்கிறோம்.

• தட்டையான டப்பாவில் நனைத்த ஸ்பொஞ், அதன்மேல் நனைத்த பேக்கிங் பேப்பர் வைத்து, அதில் வர்ணத்தை இடுகிறோம். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். ஸ்பொஞ்சை அடிக்கடி கழுவாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

• சற்றுத் தடித்த வர்ணத்துக்குக் கொதித்தாறிய நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம். அதிகமானால் பசை வலுவிழந்து, பூசிய வர்ணம் உரியும். மண்ணெண்ணெய், தின்னர் சேர்க்கவே கூடாது. இறப்பர்போல் கட்டியானதையும் அழுகல் மணம் வீசுவதையும் எறிந்துவிடுங்கள்.

• நிறத்தூள் அடியில் படியும். எடுக்குமுன் நன்றாகக் குலுக்குங்கள்.

• தூரிகை காயுமுன் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். நுனியை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள். சில நிறங்களில் உடலுக்குத் தீங்கான உலோகங்கள் உண்டு. கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் தவறு என்னுடையதே என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பிறகு அக்காவின் வீட்டுக்குப் போனேன். "போத்தலுக்கு மூடி போடலாம் தங்கச்சி, ஊர் வாய்க்கு ஆர் போடுறது?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு வாரம் கழித்தே அவர் திரும்பி வந்தார். அவரைப் பேசியவர்கள் அவருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

சகோதரிகளே, கூட்டாகத் தொழில் செய்யுமிடத்தில் ஒரு பொருள் குறைந்தால், பக்கத்திலிருப்பவளைப் பார்க்குமுன் மூடியைப் பாருங்கள். காய்ந்த வர்ணத்தை மீண்டும் வாங்கலாம்.