முகவரியின் கடைசி வரி



கடிதத்தை எழுதுவதிற் காட்டும் கவனத்தை நம்மவர் பலர் அதன் உறையின்மேற் காட்டுவதில்லை. ஊரின் பெயரை எழுதினாற் போதும் என்று எண்ணுகின்றனர். ஆயின், ஒரு பெயர் ஓர் ஊருக்கு மாத்திரம் உரியதன்று. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, காத்தான்குடிக்குத் தெற்கே, புதுக்குடியிருப்பு என்னும் கிராமம் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்திலும் அப்பெயருடைய ஊர் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பொன்று இவ்விரண்டுக்குமிடையே திசைமாறுமாயின், உரியவர் கையை அடையுமுன் குறித்த நாள் கடந்துவிடக்கூடும்.

இவ்விடரைக் களையவே தபாற் குறியீடு எழுந்தது. நமது நாட்டில் அது ஐந்து இலக்கங்களைக் கொண்டது. கிழக்கின் குறியீடுகள் 3 என்னும் இலக்கத்திலும், வடக்கின் குறியீடுகள் 4 என்னும் இலக்கத்திலும் தொடங்குவன. ஆகவே முதல் இலக்கமே இரு புதுக்குடியிருப்புகளையும் பிரித்துக் காட்டிவிடும். இரண்டாம் இலக்கத்தையும் சேர்த்து நோக்கின் மாவட்டம் புலனாகும்: 30 மட்டக்களப்பு, 31 திருகோணமலை, 32 அம்பாறை. எஞ்சிய மூன்றும் தபாற்கந்தோரைச் சுட்டுவன. மட்டக்களப்பு நகர் 30000, காத்தான்குடி 30100, ஏறாவூர் 30300, வாழைச்சேனை 30400.

1961 இல் அம்பாறை மாவட்டம் அமையும்வரை கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பழைய வழக்கத்தால் ஒருவர் மாவட்டப் பெயரை மாற்றி எழுதினும், 32300 என்னும் எண் அப்பிழையைத் திருத்தும். கொழும்பு 7 என்பதற்கு 00700 என்று எழுதுக. முன்னுள்ள சுழியங்களும் குறியீட்டின் உறுப்புகளே.

கடல்கடந்த நாடுகளுக்கு எழுதுவோர்க்கு மேலும் விழிப்பு வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 1963 இல் ஐந்திலக்கக் குறியீடு வந்தபோது, ஊர், மாநிலம், எண் ஆகிய மூன்றும் ஒரே வரியில் அடங்கும்பொருட்டு, மாநிலப் பெயர்கள் ஈரெழுத்துகளாகச் சுருக்கப்பட்டன. மிச்சிகன், மினசோட்டா, மிசிசிப்பி, மிசூரி ஆகிய நான்கின் ஆங்கிலப் பெயர்களும் எம், ஐ என்னும் ஈரெழுத்துகளிலேயே தொடங்குவன. ஆயினும் 'எம்.ஐ.' மிச்சிகனுக்கே உரியது. ஏனையவை முறையே 'எம்.என்.', 'எம்.எஸ்.', 'எம்.ஓ.' என்பன. ஊகித்து எழுதுவோர் மிசூரியிலுள்ள மகனுக்கு விடுக்கும் மடலை மிச்சிகனுக்கு அனுப்பியவராவர்.

எனவே, சுருக்கத்தை ஊகித்தல் ஆகாது. உரியவரிடமோ தபாற்கந்தோரிலோ கேட்டறிதல் வேண்டும். ஐயமிருப்பின் மாநிலப் பெயரை முழுமையாக எழுதுதல் நன்று. ஊர்ப்பெயரையும் எண்ணையும் ஒருங்கே எழுதுக. ஒன்றிற் பிழை நேரினும் மற்றொன்று வழிகாட்டும். மாணவர்க்குக் கடிதம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள், தத்தம் ஊரின் குறியீட்டையும் மனத்திற் பதியச் செய்வார்களாக. நாளை அவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களுக்கு வரும் மறுமொழி, அவ்வைந்து இலக்கங்களின் வழியே வீடு வந்து சேரும்.