எக்செல் கைவசம் – 17: காலையில் ஏறாத மேக்ரோ

ஒரு மேக்ரோவைப் பதிவுசெய்து ‘பெர்சனல் மேக்ரோ ஒர்க்புக்’கில் சேமித்துவிட்டால், எந்த எக்செல் கோப்பில் வேலை பார்த்தாலும் அதைப் பயன்படுத்தலாம் என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த வசதி திடீரென்று நின்றுபோகும் நாளும் உண்டு. சம்பளப் பட்டியலைச் சீராக்கத் தினமும் அழுத்தும் ஷார்ட்கட் வேலை செய்யாது. மேக்ரோ பட்டியலைத் திறந்தால் காலியாக இருக்கும். உடனே எல்லாம் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டி, முதலிலிருந்து எழுத உட்காராதீர்கள். கோப்பு அதன் இடத்தில் பத்திரமாக இருக்க, எக்செல் அதை ஏற்றாமல் விட்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஏறியிருக்கிறதா?

ஆல்ட் விசையுடன் எஃப்11 விசையை அழுத்துங்கள். விபிஏ எடிட்டர் திறக்கும். இடப்பக்கப் பட்டியலில் ‘பெர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி’ இருந்தால், கோப்பு ஏறிவிட்டது. உங்கள் மேக்ரோதான் அதில் சேமிக்கப்படவில்லை. எக்செல்லை மூடும்போது, பெர்சனல் மேக்ரோ ஒர்க்புக்கின் மாற்றங்களைச் சேமிக்கவா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று அழுத்தினால் அன்று பதிவுசெய்த மேக்ரோ போய்விடும். கோப்பின் பெயரே பட்டியலில் இல்லையென்றால், மேலே தேடவேண்டும்.

முடக்கப்பட்டவை

முதலில் பார்க்கவேண்டிய இடம் இது. ஒரு கோப்பு திறந்திருக்கும்போது எக்செல் முடங்கி மூடிக்கொண்டால், அடுத்தமுறை அந்தக் கோப்பைச் சந்தேகத்தின் பேரில் ஒதுக்கிவைப்பது எக்செல்லின் வழக்கம். ‘ஃபைல்’ மெனுவில் ‘ஆப்ஷன்ஸ்’, அதில் ‘ஆட்-இன்ஸ்’ செல்லுங்கள். அடியில் உள்ள ‘மேனேஜ்’ பெட்டியில் ‘டிஸேபிள்டு ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ‘கோ’ அழுத்துங்கள். பெர்சனல் கோப்பு அங்கே இருந்தால், அதைத் தேர்வுசெய்து ‘எனேபிள்’ கொடுத்து, எக்செல்லை மூடித் திறங்கள். மீண்டும் மீண்டும் அதே பட்டியலுக்குப் போனால் கோப்பு பழுதடைந்திருக்கலாம். ‘ஓப்பன்’ பொத்தானின் அருகிலுள்ள அம்புக்குறியில் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ வசதி இருக்கிறது. அதைக் கொண்டு திறந்து பாருங்கள்.

இடமும் நம்பிக்கையும்

எக்செல் தொடங்கும்போது ‘எக்ஸ்எல்ஸ்டார்ட்’ என்னும் ஃபோல்டரில் உள்ள கோப்புகளைத் தானாகத் திறக்கும். விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி எக்ஸ்எல்ஸ்டார்ட் உண்டு. அலுவலகக் கணினியில் வேறொரு பெயரில் நுழைந்தாலோ, புதுக் கணினிக்கு மாறினாலோ உங்கள் மேக்ரோ அங்கே இருக்காது. பழைய கோப்பை எடுத்து, புதிய ஃபோல்டரில் வைக்கவேண்டும். அது இருக்கும் ‘ஆப்டேட்டா’ ஃபோல்டரை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கும். முழு முகவரி வேண்டுமானால், ‘ஆப்ஷன்ஸ்’ வழியே ‘டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ்’ போய் ‘டிரஸ்டட் லொகேஷன்ஸ்’ பாருங்கள். ‘யூசர் ஸ்டார்ட்அப்’ என்று குறிக்கப்பட்ட வரியில் இருக்கும். அதே பக்கத்தில், நம்பகமான இடங்கள் அனைத்தையும் முடக்கும் கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

இந்த ஃபோல்டரில் இருப்பவற்றை எக்செல் கேள்வி கேட்காமல் நம்புகிறது. 1996-இல் பரவிய லாரூ என்ற எக்செல் வைரஸ், பெர்சனல் கோப்பாக இங்கே புகுந்துகொண்டுதான் மற்றக் கோப்புகளுக்குத் தொற்றியது. ஆகவே யாரோ அனுப்பிய கோப்பை இங்கே போடாதீர்கள்.

கோளாறே இல்லாத நேரங்கள்

கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி திறந்தால் எக்செல் ‘சேஃப் மோடி’ல் தொடங்கும், அப்போது பெர்சனல் கோப்பு ஏறாது. வேறொரு மென்பொருள் தன் நிரல் மூலம் எக்செல்லைத் திறக்கும்போதும் அது ஏறுவதில்லை. இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: மூடிவிட்டு, ஸ்டார்ட் மெனுவிலிருந்து வழக்கம்போல் திறப்பது.

எல்லாம் சரியானதும் ஒரு வேலையைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். விபிஏ எடிட்டரில் ஒவ்வொரு மாட்யூலின் மீதும் வலது கிளிக் செய்து, ‘எக்ஸ்போர்ட் ஃபைல்’ மூலம் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். பெர்சனல் கோப்பின் ஒரு பிரதியையும் சேர்த்துப் பென் டிரைவில் வையுங்கள். பல மாத உழைப்பு ஒரே கோப்பில் இருக்கிறது. அதற்குப் பிரதி இல்லாமல் ஒருநாளும் இருக்கவேண்டாம்.

(தொடரும்)