உடம்பில் ஊறியதா, வெளியிலிருந்து வந்ததா?

ஜனக்புரியில் நாங்கள் தங்கியிருக்கும் அறையில் சென்ற வாரம் ஒரு விவாதம் மூண்டது. "கோமதி மாரிமுத்துவின் உடம்பில் இயற்கையாய் ஊறியதையே ஊக்கமருந்து என்று சொல்லித் தண்டித்துவிட்டார்கள்" என்றார் திருச்சி நண்பர் ஒருவர். இரசாயனம் படிக்கிறவன் என்ற ஒரே குற்றத்துக்காக எல்லோரும் என் பக்கம் திரும்பினர். அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்காக எழுதுகிறேன்.

கோமதி திருச்சியை அடுத்த முடிகண்டம் என்னும் சிற்றூரினர். ஆசியத் தடகளப் போட்டியில் 2013-இல் ஏழாமிடம், 2015-இல் நான்காமிடம். பிறகு 2019 ஏப்ரல் 22 அன்று, தமது முப்பதாம் வயதில், தோகாவில் 800 மீட்டரை 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். தமிழகமே கொண்டாடிற்று. அடுத்த மாதமே இடி விழுந்தது. மார்ச் 18 முதல் மே 17 வரை அவரிடம் எடுத்த நான்கு மாதிரிகளிலும் நான்ட்ரலோன் என்னும் ஸ்டீராய்டின் சிதைபொருள் இருந்ததாம். தாம் எந்த மருந்தும் உட்கொண்டதில்லை என்றார் அவர். ஆயினும் நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் போயிற்று.

நண்பர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. இச்சிதைபொருள் மனித உடம்பிலும் இயற்கையாகவே மிகச் சிறிதளவு தோன்றும். கர்ப்பிணிகளிடம் சற்றுக் கூடும். அளவு மிகுந்திருந்தால் வாதத்துக்கு இடமில்லை. மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு, என்னும்போதுதான் சிக்கல். அணு அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே; பிறகு எப்படிப் பிரித்தறிவது?

கார்பனில் இரு வகை உண்டு. நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று கனத்தது. நெல், கோதுமை, சோயா ஆகியவை கனத்த கார்பனைக் குறைவாகக் கவரும் கட்சி. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு அதைச் சற்று மிகுதியாகக் கொள்ளும் கட்சி. நாம் சோறும் சர்க்கரையும் கலந்து உண்பதால் நம் உடம்பு நடுவில் நிற்கிறது. ஆனால் மருந்துத் தொழிற்சாலைகளோ ஸ்டீராய்டுகளைப் பெரும்பாலும் சோயா முதலிய முதற்கட்சித் தாவரங்களிலிருந்தே செய்கின்றன. ஆகவே வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டு கனத்தில் ஒரு நூலிழை குறைந்திருக்கும். அதே சிறுநீரிலுள்ள மற்ற ஸ்டீராய்டுகளோடு அதை ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"சோறு மட்டுமே தின்பவன் கதி என்ன?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அவன் உடம்புக்கும் மருந்துக்கும் வேறுபாடு சுருங்கும். அதனால் குற்றவாளி தப்பலாமே தவிர, குற்றமற்றவன் சிக்கமாட்டான்.

இச்சோதனையில் அகப்பட்டவர்களுள் பெயர் பெற்றவர் அமெரிக்கச் சைக்கிள் வீரர் ஃப்ளாய்ட் லாண்டிஸ். 2006-இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். டெஸ்டோஸ்டிரோன் விகிதம் மிகுந்திருந்தது மட்டுமன்று, கார்பனும் காட்டிக்கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் வழக்காடிப் பட்டத்தை இழந்தார். பல ஆண்டுகள் ஊக்கமருந்து உட்கொண்டதை 2010-இல்தான் ஒப்புக்கொண்டார்.

நமது தேசியச் சோதனைச்சாலை தூரத்தில் இல்லை. ஜனக்புரியில் நீல வண்டி ஏறி மண்டி ஹவுஸில் மாறினால் நேரு ஸ்டேடியம், அவ்வளாகத்திலேதான் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அதன் அங்கீகாரத்தை நிறுத்தி வைத்தது. சுட்டிய குறைகளில் இக்கார்பன் சோதனையும் ஒன்று. 2021 டிசம்பரில் அங்கீகாரம் திரும்பும் வரை நம் வீரர்களின் மாதிரிகள் வெளிநாட்டுக்கு விமானமேறின.

கோமதியின் உடம்பில் அம்மருந்து எப்படிப் புகுந்தது என்பதைக் கார்பன் சொல்லாது. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. முதல் மாதிரி எடுத்தது மார்ச் 18. தோகா ஓட்டம் ஏப்ரல் 22. இடையே முப்பத்தைந்து நாட்கள். அதற்குள் முடிவு அறிவிக்கப்பட்டிருந்தால் அவர் விமானமே ஏறியிருக்கமாட்டார்; சீனத்து வாங் சுன்யூவும் அன்று மேடையில் வெள்ளியை வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கமாட்டார்.